பழைய எம்.ஜி.பி.யின் ஹீட்டர் கேபிளுக்கு மாற்று: எது தள்ளும், எது இழுக்க மட்டும் செய்யும்?

எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரித்தார்கள். அதன் டேஷ்போர்டில் ஹீட்டருக்கு இரண்டு குமிழ்கள். ஒன்றைத் திருப்பினால் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் உள்ள வால்வு திறந்து, சுடுதண்ணீர் ஹீட்டருக்குப் போக வேண்டும். மற்றொன்றைத் திருப்பினால் காற்று முன்கண்ணாடிக்கா, உள்ளறைக்கா என்பது மாற வேண்டும். இன்று ஓடும் பல வண்டிகளில் இந்தக் குமிழ்கள் சும்மா சுற்றும், இல்லையென்றால் இறுகிப் போய் அசையாது. குளிரில் முன்கண்ணாடி பனிபடிந்து மறைந்தால் ஓட்டுவதே ஆபத்து என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது.

கேபிள் வாங்க ஓடும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வால்வு முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு, வால்வின் லீவரை விரலால் அசைத்துப் பாருங்கள். விரலுக்கே அது கனமாக இருந்தால் குற்றவாளி வால்வுதான். புதுக் கேபிளைப் போட்டாலும் சில மாதங்களில் அதுவும் வளைந்துவிடும். காற்றைத் திசைமாற்றும் காற்றுக் கதவும் அப்படித்தான். ஹீட்டர் பெட்டிக்குள் அதன் சுழல்தண்டு துருப்பிடித்திருக்கலாம். அந்தப் பெட்டியைக் கழற்றுவது எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களிடையே பேர்போன தொல்லை, அதனால்தான் பலரும் பழியைக் கேபிள்மேல் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள்.

சரி, கேபிள்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் வெளியே குழாய் போன்ற உறை (அவுட்டர்), உள்ளே ஓடுவது (இன்னர்) ஒற்றை எஃகுக் கம்பி. குமிழை ஒரு பக்கம் திருப்பினால் அது இழுக்கும், மறுபக்கம் திருப்பினால் தள்ளும். மாற்றுக் கேபிள் தேடுகிறவர்கள் கோட்டை விடுவது இந்தத் தள்ளும் வேலையில்தான்.

எளிதாகக் கிடைப்பதால் எல்லோருடைய கையும் முதலில் போவது சைக்கிள் பிரேக் வயருக்கு. அதன் இன்னர் 1.5 அல்லது 1.6 மி.மீ., கியர் வயர் என்றால் 1.1 அல்லது 1.2 மி.மீ. இரண்டுமே மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தவை. இழுவையில் இவற்றை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது. ஹீட்டர் வால்வுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு பலம் இருக்கும். ஆனால் தள்ளச் சொன்னால், நனைந்த நூலை ஊசித்துளைக்குள் தள்ளுவது போலத்தான். உறையை விட்டு வெளியே வந்த இடத்தில் வயர் கொக்கியாக மடங்கும், லீவர் நின்ற இடத்திலேயே நிற்கும். சைக்கிளில் இது வேலை செய்வதற்குக் காரணம், மறுமுனையில் ஒரு ஸ்பிரிங் திருப்பி இழுப்பதுதான். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் ஹீட்டர் மடல்களும் இதே ஏற்பாடுதான்: கேபிள் இழுக்கும், ஸ்பிரிங் மூடும். எம்.ஜி.பி.யிலும் வால்வு லீவரில் ஒரு ஸ்பிரிங் மாட்டி இதைச் சமாளிக்கலாம். ஆனால் அந்த ஸ்பிரிங்கின் இழுப்பு முழுவதையும் பிறகு குமிழ்தான் தாங்க வேண்டும். அதன் உராய்வு போதாவிட்டால் கை எடுத்ததும் குமிழ் தானாகத் திரும்பிவிடும். பாதி வழியில் நின்றால் தாற்காலிகமாக வீடு சேர உதவும். அதற்கு மேல் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புல்வெட்டும் இயந்திரத்தின் த்ராட்டில் கேபிள், அதாவது எஞ்சின் வேகத்தை மாற்றும் கேபிள், வேறு ஜாதி. பெரும்பாலானவற்றில் உள்ளே ஒற்றைக் கம்பி, அதனால் தள்ளும். மலிவு, தாராளமான நீளம், வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். பழைய கார்களுக்கென்று பொதுவாக விற்கும் சோக் கேபிளும் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுப்பது) இதே குடும்பம்தான், அதோடு வரும் குமிழைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரண்டிலுமே இழைவயர் வைத்த வகைகளும் கடையில் கலந்து கிடக்கும், பொட்டலத்தின் மேல் அது எழுதியிருக்காது. கடையிலேயே கேபிளைக் காரில் போகப்போகும் வடிவத்துக்கு வளைத்துப் பிடித்து, ஒரு முனையைத் தள்ளிப் பாருங்கள். மறுமுனை உடனே நகர்ந்தால் வாங்கலாம்.

மூன்றாவது வழி, பழைய அவுட்டர் நன்றாக இருந்தால் அதற்குள் புதிய பியானோ கம்பியை, அதாவது விறைப்பான ஸ்பிரிங் எஃகுக் கம்பியை, ஓட்டுவது. மாடல் விமானப் பொருள் விற்கும் கடைகளில் 1, 1.2, 1.5 மி.மீ. என்று நேராகவே கிடைக்கும். ‘கொஞ்சம் தடிமனாகப் போட்டால் நல்லதுதானே’ என்று தோன்றும். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும் என்பதை மறக்கக் கூடாது. 1.2-க்குப் பதில் 1.5 போட்டால் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. நேர் வழியில் அருமையாகத் தள்ளும், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வளைவில் உறையோடு மல்லுக்கட்டும். பழைய கம்பியை வெர்னியரில் அளந்து அதே விட்டத்தையே போடுவது உத்தமம். இன்னொன்று, பியானோ கம்பி சாதாரண கட்டிங் பிளையரின் வாயைப் பதம் பார்த்துவிடும். முனையை மடக்க அதைச் சூடாக்கவும் கூடாது, சூடாக்கினால் அதன் கெட்டித்தன்மை போய்விடும்.

அதே மாடல் விமானக் கடையில், நைலான் குழாய்க்குள் நைலான் தண்டு ஓடும் கேபிளும் கிடைக்கும். எடை இல்லை, துருப்பிடிக்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். காருக்குள் இருக்கும் காற்றுக் கதவுக்கு இது உண்மையிலேயே நல்ல தேர்வு. வால்வுக்கு வேண்டாம், சிலிண்டர் ஹெட்டின் சூட்டுக்குப் பக்கத்தில் நைலான் இளகிவிடும்.

உறையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். கம்பிக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி வளைவுகளில் வெற்று ஓட்டமாக மாறும். இழுக்கும்போது கம்பி வளைவின் உட்பக்கம் ஒட்டும், தள்ளும்போது வெளிப்பக்கம். இடைவெளி 1 மி.மீ., மொத்த வளைவு 180 பாகை என்றால், குமிழ் முனையில் சுமார் 3 மி.மீ. நகர்ந்த பிறகுதான் மறுமுனைக்குச் சேதியே போகும். மெல்லிய கம்பியை அகலமான பிரேக் அவுட்டருக்குள் போட்டால் குமிழ் ‘லூசாக’ இருப்பது இதனால்தான். உராய்வும் மொத்த வளைவைப் பொறுத்ததுதான். எஃகின்மேல் எஃகு, உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், 180 பாகை வளைவைத் தாண்ட ஏறக்குறைய 1.9 மடங்கு விசை வேண்டும். டெஃப்லான் உள்பூச்சு அதை 0.1 ஆகக் குறைத்தால் சுமார் 1.4 மடங்குதான். ஒரே பெரிய வளைவோ, நாலு சின்னச் சின்ன வளைவோ, கூட்டுத்தொகைதான் கணக்கு. எனவே தேவையில்லாத சுற்று ஒன்றைக் குறைப்பது, விலை உயர்ந்த கேபிள் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

இத்தனைக்கும் எம்.ஜி.பி.க்கு மறுதயாரிப்புக் கேபிள்கள் இன்றும் பிரிட்டனில் சுலபமாகக் கிடைக்கின்றன. அங்கே இருப்பவர் வேறு எதையும் யோசிக்காமல் அதை வாங்கிப் போடலாம், நீளத்தை மட்டும் பழையதோடு வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும். பிரிக்காத பொட்டலத்தில் வரும் பழைய இருப்பு அசல் என்று சிலர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். உள்ளே கிரீஸ் பல பத்தாண்டுகளாக உறைந்து கிடக்கும் ஒரு பொருளுக்கு அந்த விலை எனக்கு உறுத்துகிறது. மாற்று வழிகள் தேவைப்படுவது, எம்.ஜி.பி. அளவுக்குப் பிரபலமாகாத அந்தக் காலத்துக் கார்களை வைத்திருப்பவர்களுக்கும், தபாலுக்காகக் காத்திருக்க முடியாதவர்களுக்கும்தான். கேபிள் செய்து தரும் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வது அவர்களுக்குச் சிறந்த வழி. பழைய கேபிளைத் தூக்கிப் போடாமல் மாதிரியாகக் கொண்டுபோக வேண்டும்.

நானே செய்வதென்றால் இரண்டு குமிழுக்கும் ஒரே கேபிளைப் போட மாட்டேன். வால்வுக்கு ஒற்றைக் கம்பி ஓடும் த்ராட்டில் கேபிள், காற்றுக் கதவுக்குப் பழைய உறையில் பியானோ கம்பி. உறை கெட்டிருந்தால் நைலான்.

எதைப் போட்டாலும், அவுட்டரைப் பிடிக்கும் கிளிப்பை லீவருக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். உறைக்கு வெளியே நீட்டியிருக்கும் கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால், மடங்காமல் தள்ளும் திறன் நான்கு மடங்காகும். குமிழை நடுவில் வைத்து, லீவரையும் நடுவில் வைத்து, லீவரில் கம்பியைப் பிடிக்கும் ஸ்க்ரூவை முறுக்கி, இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்த்த பிறகே மிச்சக் கம்பியை வெட்டுங்கள். ஸ்க்ரூவுக்கு அப்பால் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டினால், பின்னால் கேபிளைச் சரிசெய்து திரும்பப் பிடிக்கக் கொஞ்சம் கம்பி மிஞ்சும்.