ஒன்பது பேர் கம்பெனியில் பத்து வருடம்

சின்ன கன்சல்டிங் கம்பெனியில் சேரலாமா என்று கேட்டு என் காலேஜ் ஜூனியர்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். ஆளுக்கொரு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். நான் கோவையில் ஒரு எனர்ஜி ஆடிட் நிறுவனத்தில் 2015 ஜூனில் சேர்ந்தேன். அப்போது என்னோடு சேர்த்து ஆறு பேர், இப்போது ஒன்பது பேர். அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தேன்.

மில், ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி என்று எங்காவது போய் மூன்று நாலு நாள் இருந்து, எந்த மெஷின் எவ்வளவு கரன்ட் எடுக்கிறது என்று அளப்போம். எங்கே வீணாகிறது, அதைச் சரிசெய்ய என்ன செலவு, போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுப்போம். வேலை இவ்வளவுதான். பெரிய நிறுவனங்களில் அளப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், முதலாளி முன்னால் உட்கார்ந்து விளக்குபவர் இன்னொருவர். எங்களிடம் மூன்றும் ஒரே ஆள். சேர்ந்த மூன்றாவது மாதத்திலேயே எனக்கு அது வந்துவிட்டது.

அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது 2016 ஆகஸ்டில். ஒரு மில்லில், உள்ளே காற்றை ஈரமாக வைக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டின் நான்கு ஃபேன்களை அளந்தேன். ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தைக் குறைக்கும் டிரைவ் என்ற கருவியைப் போட்டால் ஃபேனுக்கு 9 கிலோவாட் மிச்சம், வருடம் 8,000 மணி நேரம், நான்கு ஃபேனுக்கும் சேர்த்து 2.88 லட்சம் யூனிட் என்று எழுதினேன். ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டும்போது ஸ்பின்னிங் மாஸ்டர் நிறுத்தினார். "தம்பி, நீங்க அளந்தது ஆடிக்காத்துலங்க. சித்திரையில வந்து பாருங்க, இந்த ஃபேன் ஃபுல்லா ஓடியும் எனக்குப் பத்தாதுங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் மாதங்களில் கோவை மில்லுக்குள் அவ்வளவு காற்று ஓட்டத் தேவையில்லை. ஏப்ரல், மே வெயிலில் நிலைமையே வேறு. ஒரு மாதத்து அளவை எடுத்து வருடம் முழுவதற்கும் பெருக்கியிருந்தேன். மூன்று வருடம் அதே ஊர் மில்லையும் அதே ஊர் வெயிலையும் பார்த்துவிட்டுச் செய்த தப்பு என்பதால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கம்பெனியை நடத்தும் எங்கள் சார் அந்த இடத்தில் எனக்காகப் பேசவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. "ஏப்ரல்ல மறுபடி வந்து அளக்கிறோம், அதுக்கு ஃபீஸ் வேண்டாம்" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். 2017 ஏப்ரலில் பவர் அனலைசரைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று ராத்திரி அங்கேயே இருந்தேன். மிச்சம் 1.2 லட்சம் யூனிட்டைத் தாண்டவில்லை. ரிப்போர்ட்டைத் திருத்தி, என் கையெழுத்தோடு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஸ்டர் அதை வைத்து இரண்டு ஃபேனுக்கு மட்டும் டிரைவ் வாங்கினார். இன்றைக்கும் அந்த மில்லிலிருந்து எங்களுக்கு வேலை வருகிறது.

சின்ன கம்பெனியின் பெரிய லாபம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எழுதிய எண்ணுக்கு எழுதியவனே போய்ப் பதில் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து ஈபி பில் வரும்போது அந்த எண் நிற்குமா என்று கூட்டும்போதே யோசிக்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது.

அழுத்தக் காற்று போகும் கம்ப்ரசர் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், 7 பார் அழுத்தத்தில் சுமார் 3 கிலோவாட் வீணாகும். வருடம் 8,000 மணி நேரம் என்றால் 24,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 1,68,000 ரூபாய். இதைத் தாளில் சொன்னால் எந்த முதலாளியும் தலையாட்டுவார், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மில் நிற்கும்போது ஃபிட்டர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய், "உஸ்" சத்தம் வரும் இடத்திலெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வந்தால் திங்கட்கிழமை வேலை நடக்கிறது. அப்படிப் போய் நிற்க ஒன்பது பேர் கம்பெனியில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி பணம். இதைத்தான் எல்லோரும் மெல்லிய குரலில் கேட்கிறார்கள், நான் உரக்கவே சொல்கிறேன்.

சம்பளம் பெரிய நிறுவனத்தைவிடக் குறைவு, ஒன்றாம் தேதி வரும் என்ற உறுதியும் இல்லை. பத்து வருடத்தில் பதினோரு முறை எனக்குச் சம்பளம் தள்ளிப்போயிருக்கிறது. ஒருமுறை 23ஆம் தேதிதான் வந்தது, அந்த மாதம் வீட்டு வாடகைக்கு என் தம்பியிடம் வாங்கினேன். சார் பணத்தை வைத்துக்கொண்டு தராமல் இருந்ததில்லை. ரிப்போர்ட்டை வாங்கிய கம்பெனி நாலு மாதம், ஐந்து மாதம் இழுக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இன்னொரு சுமையும் சேர்ந்தது. பில் போட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் 18 சதவீத வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. ஆனால் அடுத்த வருடமும் வேலை வேண்டும் என்றால் எந்த வாடிக்கையாளர் மீது புகார் கொடுப்பது? அப்படித் தாமதமானால் அந்தச் செலவை வாங்கியவர் அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமானவரி விதி மாறிய பிறகுதான் கொஞ்சம் அசைவு தெரிந்தது. 2024 மார்ச் கடைசி வாரத்தில், நாங்கள் மறந்தே போயிருந்த இரண்டு பழைய பாக்கிகள் வந்து சேர்ந்தன.

சேருவதற்கு முன் தலை எண்ணிப் பாருங்கள். பி.எஃப். கட்டாயமாவது 20 பேர் இருந்தால். ஈ.எஸ்.ஐ.க்கும் கிராஜுட்டிக்கும் 10 பேர் வேண்டும். ஒன்பது பேர் உள்ள எங்களுக்குச் சட்டப்படி இந்த மூன்றில் எதுவும் கிடையாது. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் நானே எடுத்தேன், பி.பி.எஃப். கணக்கும் நானே தொடங்கினேன். முதல் வருடமே செய்திருக்க வேண்டியதை நாலு வருடம் தாமதித்தேன், நீங்கள் தாமதிக்காதீர்கள்.

2020 மார்ச்சில் மில்கள் மூடியபோது மூன்று மாதம் பாதிச் சம்பளம். சார் தன் காரை விற்றார். யாரையும் அனுப்பவில்லை. அந்த மூன்று மாதத்தில் உட்கார்ந்து படித்து எனர்ஜி ஆடிட்டர் தேர்வின் நான்கு தாள்களையும் பிறகு முடித்தேன். ஃபீஸைக் கம்பெனி கட்டியது.

நல்ல இடமா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு சோதனை உண்டு: மெஷின் விற்பவரிடம் கமிஷன் வாங்குகிறார்களா? இந்தத் தொழிலில் கம்ப்ரசரும் டிரைவும் எழுதிக் கொடுத்தால் விற்பவர் கவர் கொண்டுவருவது சகஜம். அதை வாங்கும் இடத்தில் நீங்கள் அளப்பதற்கு மதிப்பே இல்லை, முடிவை முன்பே எழுதிவிட்டு அதற்கு அளவு தேடுவீர்கள். எங்கள் சார் தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பெட்டியைக்கூட ஆபீஸில் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவார், வீட்டுக்கு எடுத்துப்போனதை நான் பார்த்ததில்லை. இன்டர்வியூவில் இதை நேராகக் கேட்க முடியாது. அங்கே வேலை பார்த்து வெளியே போனவரைத் தேடிக் கேளுங்கள். கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துத் தரும் காலிபரேஷன் சான்றிதழ் எந்தத் தேதியில் இருக்கிறது என்பதையும் பாருங்கள், அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆறாவது வருடத்தில் எனக்குச் சலிப்பு வந்தது. அதே கம்ப்ரசர், அதே பம்ப், அதே பவர் ஃபேக்டர். மேலே ஏற அடுத்த படி இல்லை, சாருக்கு அடுத்து நான்தான். வேறு இடம் தேட ஆரம்பித்திருந்தேன். 2022 செப்டம்பரில் எச்.டி. (உயர் அழுத்த) இணைப்புகளுக்கு டிமாண்ட் கட்டணம், அதாவது ஒரே நேரத்தில் இவ்வளவுவரை எடுத்துக்கொள்வேன் என்று வாங்கி வைக்கும் மின்சார அளவுக்கான கட்டணம், கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயானது. அந்த மாதம் போன் ஓயவில்லை. பெரும்பாலானவை வாங்கி வைத்த டிமாண்டில் முக்கால்வாசிகூட எட்டாத மில்கள். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் 90 சதவீதத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பில்களை அலசி, எவ்வளவு டிமாண்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டோம். அவிநாசிப் பக்கம் ஒரு சின்ன மில் முதலாளி, அடுத்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்கே வந்து காட்டினார். தேடுவதை அப்போது நிறுத்தினேன்.

இப்போது என் மனதில் இருக்கும் கவலை ஒன்றே ஒன்று. சாருக்கு 63 வயது. அவருடைய மகள் வேறு துறையில், வேறு ஊரில் இருக்கிறார். சார் நாளைக்கு ஓய்வெடுத்தால் இந்த ஒன்பது பேரும், பத்துப் பன்னிரண்டு வருடத்து அளவுகள் நிறைந்த அந்த அலமாரியும் என்ன ஆகும்? பெரிய நிறுவனத்தில் எம்.டி. போனால் இன்னொருவர் வருவார். இங்கே அவர் பெயரை நம்பித்தான் பாதிப்பேர் போன் செய்கிறார்கள். போன பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது இதை நானே எடுத்தேன். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அவருக்கு இல்லை. "நீ கேப்பேன்னு ரெண்டு வருஷமா பாக்கறேன்" என்றார். கம்பெனியை எல்.எல்.பி.யாக, அதாவது பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனமாக மாற்றி எனக்கும் இன்னொருவருக்கும் பங்கு தருவதாகச் சொன்னார். கம்பெனிக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் எழுதிக் கொடுத்த வரைவு என் மேஜையில் இருக்கிறது. பழைய பாக்கிகள் யார் கணக்கில் வரும் என்ற ஏழாவது பிரிவு மட்டும் இன்னும் முடிவாகவில்லை, அடுத்த வாரம் மூன்று பேரும் உட்காருகிறோம்.