ஃபைபர் படகில் விரிசல்: பாலியஸ்டரா, எபாக்ஸியா?

சின்ன ஃபைபர் படகின் அடிப்பக்கம் பாறையில் உரசி விரிசல் விட்டால், ஒருவர் பாலியஸ்டர் ரெசின் (கண்ணாடி இழையோடு சேர்த்துப் பூசினால் இறுகும் பிசின்) போதும் என்பார். இன்னொருவர் வேறு வகை ரெசினான எபாக்ஸிதான் என்று அடித்துச் சொல்வார்.

விலை: பாலியஸ்டர் மலிவு. எபாக்ஸி பல மடங்கு.

பிடிப்பு: உண்மையான வித்தியாசம் இங்கேதான். இறுகிப்போன பழைய ஃபைபர்மேல் பாலியஸ்டர், தேய்த்துவிட்ட சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். காயும்போது சுருங்கவும் செய்யும். எபாக்ஸி நல்ல பசை, சுருக்கமும் குறைவு. மரப்பலகை என்றால் பேச்சே இல்லை, எபாக்ஸிதான்: பாலியஸ்டர் நாளடைவில் உரிந்து வந்துவிடும்.

கலவை: பாலியஸ்டருக்குக் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) 1 முதல் 2 சதவீதம், வெயிலைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். (இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.) எபாக்ஸிக்கு டப்பாவில் போட்ட விகிதம்தான். அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் காயாது, பிசுபிசுவென்றே கிடக்கும்.

பூச்சு: பாலியஸ்டர்மேல் ஜெல்கோட் (படகின் வழவழப்பான வெளிப்பூச்சு) அடிக்கலாம். எபாக்ஸிமேல் அது சரியாகப் பிடிக்காது, பெயின்ட் அடிக்க வேண்டும். வெயில் பட்டால் எபாக்ஸி கெடும் என்பதால் சும்மாவும் விட முடியாது.

சரி, எதை வாங்குவது? நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை, எஞ்சின் மாட்டும் பின்பலகை: எபாக்ஸி. மேல்விளிம்புக் கீறல், சிராய்ப்பு: பாலியஸ்டர் தாராளம். எபாக்ஸி எடுத்தால் சாதாரண மேட் (துண்டு இழைகளை ஒட்டிச் செய்த விரிப்பு) வேண்டாம், நெய்த கண்ணாடி இழைத் துணி வாங்குங்கள். அப்புறம், எந்த ரெசினானாலும், ஓட்டை என்றால் படகுச் சுவரின் 5 மி.மீ. தடிமனுக்கு அதைச் சுற்றிலும் 60 மி.மீ. சரிவாகத் தேய்த்த பிறகே ஒட்டுங்கள்.