மூன்று வருடமாகப் பாவிக்கும் பீட்டா கேட்டனின் பிறபொருளெதிரி

திருமலை வெயிலுக்கு இது தாக்குப்பிடிக்குமா என்று வாங்கும்போதே பயம்தான். பீட்டா கேட்டனின் என்ற கலப் புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டும் பிறபொருளெதிரி (antibody) இது; சுண்டெலியில் உருவாக்கிய ஒற்றைக் குளோன் (எல்லாம் ஒரே மாதிரியான மூலக்கூறுகள்), 100 மைக்ரோலீற்றர் குப்பி. கொழும்பில் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏற்றிவிட்டார்கள், திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் ஐஸ் பொதிகள் வெதுவெதுவென்று கிடந்தன. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அப்புறம், சரி, பார்த்துவிட்டே சண்டை பிடிப்போம் என்று சந்தையில் வாங்கிய ஆட்டுக்குடலில் ஒரு துண்டைப் போமலினில் போட்டு, மெழுகில் பதித்து, வெட்டி, 1:200 ஆக ஐதாக்கிச் சாயமேற்றினேன். மேலணிக் கலங்களின் ஓரமெல்லாம் தேன்கூடு வரைந்தது போலப் பழுப்புக் கோடு! அதற்கு முன், போமலின் மறைத்துவிட்ட புரதத்தைத் திரும்ப வெளிக்காட்ட, சிட்ரேட் கரைசலில், பிஎச் 6 இல், பிரஷர் குக்கரில் வைத்து எடுக்க வேண்டும்; அதை விட்டுவிட்டுச் செய்த கண்ணாடித் தட்டில் ஒன்றுமே தெரியவில்லை.

குப்பியில் பாதி கிளிசரோல் என்பதால் மைனஸ் 20 இல் உறையாது, உறைந்து உருகிக் கெடும் தொல்லையும் இல்லை. கரண்ட் போன இரவுகளைத் தாண்டியும் அதே கோடுதான் வருகிறது.

ஒரு முறை நானே கெடுத்துக்கொண்டேன். ஐதாக்கிய கரைசலைத் திரும்பப் பாவிக்க கிருமி வளராதிருக்க ஏசைட் சேர்த்து வைப்பேன், அதே போத்தலில் இருந்து, முதலாவதில் ஒட்டி நிறம் காட்டும் இரண்டாம் பிறபொருளெதிரிக்கும் ஊற்றிவிட்டேன். ஏசைட் அந்த நிறத்தை உண்டாக்கும் நொதியமான பெரொக்சிடேசைத் தடுத்துவிடும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு பின்னேரம் போனது.

இதை வைத்து வின்ட் சமிக்ஞை (கலங்களைப் பெருகச் சொல்லும் செய்திவழி) ஓடுகிறதா என்று பார்க்க வருகிறவர்களிடம்தான் எனக்கு வாக்குவாதம். இந்தப் புரதம் மென்சவ்வில் ஈ-கேட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதத்தின் வாலைப் பிடித்துக் கலங்களை ஒட்டவைக்கும். வின்ட் வந்தால் அழிவிலிருந்து தப்பிக் கருவுக்குள் போய் டிசிஎஃப் என்ற இன்னொரு புரதத்துடன் சேர்ந்து மரபணுக்களை இயக்கும். இந்தக் குளோனுக்கு இரண்டும் ஒன்றுதான். கொழும்பு நண்பர் தந்த எஸ்டபிள்யூ480 என்ற குடற்புற்றுக் கலங்களின் சாற்றைப் புரத எடைப்படி பிரித்து ஓட்டியபோது 92 கிலோடால்டனில் சுத்தமான ஒற்றைப் பட்டை வந்தது, ஆனால் அந்தப் பட்டை மென்சவ்விலிருந்து வந்ததா கருவிலிருந்தா என்று எப்படிச் சொல்வது? கருவைத் தனியாகப் பிரித்து ஓட்டுங்கள், இல்லையென்றால் பொஸ்பேற்று ஏறாத (அழிவுக்குக் குறிக்கப்படாத) வடிவத்தை மட்டும் பிடிக்கும் வேறொன்றை வாங்குங்கள்.

சுண்டெலித் திசுவுக்கும் உகந்தது என்று தாளில் போட்டிருக்கிறார்கள். பிடிக்கும்தான், ஆனால் இரண்டாம் பிறபொருளெதிரி திசுவில் ஏற்கெனவே இருக்கும் சுண்டெலியின் சொந்தப் பிறபொருளெதிரிகளிலும் (இம்யூனோகுளோபுலின்) போய் ஒட்டி முழுவதும் அழுக்காகும். அதற்கு முயலில் செய்ததே நல்லது. மற்றபடி அடுத்த குப்பியும் இதுவேதான், திங்கட்கிழமை அனுப்பச் சொல்லி.