‘கைப்பிடி அசையாது’ என்று விற்கப்படும் ஏஆர்-15 அப்பர்: பணம் கட்டும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் ஏஆர்-15 ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. இடப்பக்கத்தில் சார்ஜிங் ஹேண்டில் (போல்ட்டைப் பின்னே இழுக்கும் கைப்பிடி) வைத்த அப்பர் ரிசீவரை, அதாவது பேரல் பொருந்தும் மேல் பாதியை, ஓர் ஆன்லைன் கடை மூன்று வாக்குறுதிகளோடு விற்கிறது. சுடும்போது கைப்பிடி அசையாது, ராணுவ அளவுத்தரத்தில் (மில்-ஸ்பெக்) செய்த எந்த போல்ட் கேரியரும், அதாவது போல்ட்டைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் துண்டும், பொருந்தும், ஆயுள் முழுக்க வாரண்டி. பெட்டியில் வந்ததோ, ஒவ்வொரு குண்டுக்கும் கேரியரோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடும் கைப்பிடி. அதைத் திருகுவதற்கென்றே துளையிட்ட, வேறெங்கும் கிடைக்காத கேரியர். வாரண்டி பற்றி ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் பதில் இப்படி வருகிறது: லோயரில் (ட்ரிகர் இருக்கும் கீழ் பாதி) ஒருமுறை மாட்டிவிட்டாலே அது ‘பயன்படுத்திய பொருள்’, திருப்ப முடியாது. மாட்டவில்லை என்றால் 20 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், அனுப்பும் செலவும் நம்முடையது. இந்த அப்பரின் மிகப் பெரிய குறை லோயரில் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்துகொண்டால் திருப்ப முடியாது, திருப்ப வேண்டுமானால் தெரிந்துகொள்ளக் கூடாது. நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பக்கவாட்டுக் கைப்பிடி என்ற யோசனையே மோசம் என்று சொல்லவரவில்லை. ஏஆர்-15-ஐ வடிவமைத்த யூஜின் ஸ்டோனரின் முந்தைய ரைஃபிளான ஏஆர்-10-இன் தொடக்ககால வடிவில் கைப்பிடி மேலே, தூக்கும் பிடிக்கு அடியில் இருந்தது. பிறகுதான் அது பின்பக்கம் போய் இப்போதுள்ள ‘டி’ வடிவத்துக்கு வந்தது. அந்த ‘டி’யை இழுக்கக் கன்னத்தை ஸ்டாக்கிலிருந்து எடுத்தாக வேண்டும். பெரிய ஸ்கோப் போட்டால் அதன் கண்பக்கம் கைப்பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்று விரலை இடிக்கும். சப்ரஸர் (சத்தம் குறைப்பான்) மாட்டினால் பின்வரும் வாயு கைப்பிடியின் இடுக்கு வழியாக வந்து கண்ணை எரிக்கும். பைபாடில் படுத்தோ மேசையில் மணல்மூட்டை வைத்தோ தொலைதூரம் சுடுபவருக்குப் பக்கவாட்டுக் கைப்பிடி உண்மையான வரம். குறியிலிருந்து கண்ணை எடுக்காமலே இழுக்கலாம். காலிக்கூடு சிக்கினால் கேரியர் மேலேயே நேரடியாக விசை விழும், ‘டி’ கைப்பிடியின் மெல்லிய உடல் வளைவது போல இது வளையாது.

ஆனால் இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன, ஏமாற்று நடப்பதும் அங்கேதான். ஒன்றில் கைப்பிடி தனித் துண்டு. இழுக்கும்போது மட்டும் கேரியரைப் பிடித்து இழுக்கும், விட்டுவிட்டால் முன்னே போய் ஒரு சிறு ஸ்பிரிங் பூட்டில் நிற்கும், சுடும்போது அசையாது. கிப்ஸ் ஆர்ம்ஸின் ஜி4, எல்டபிள்யூஆர்சியின் ரெப்பர், ஃபாக்ஸனின் அராக்-21 எல்லாம் இந்த வகை. மற்றொன்றில் கைப்பிடியின் தண்டு கேரியரிலேயே திருகியிருக்கும். அதைச் செய்வது எளிது, விலையும் குறைவு, முன்னே தள்ளினால் போல்ட் பூட்டிக்கொள்ளும் என்பதால் ஃபார்வர்ட் அசிஸ்டும் (போல்ட்டை முன்னே தள்ளும் பொத்தான்) தேவையில்லை. இதைத் தெரிந்தே வாங்குபவர்கள் நிறையப் பேர். அதில் குறை ஒன்றுமில்லை. முதல் வகை என்று சொல்லி இரண்டாம் வகையை அனுப்புவதுதான் மோசடி.

வாங்கும் முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. போல்ட்டைப் பின்னே பூட்டி நிறுத்திய நிலையில் கைப்பிடிப் பக்கத்துப் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். போல்ட் பின்னே நிற்கும்போது கைப்பிடி தான் ஓடும் காடியின் (நீள்பள்ளம்) முன்முனைக்குத் திரும்பியிருந்தால் அது அசையாத வகை. போல்ட்டோடு கைப்பிடியும் பின்னேயே நின்றால் ஓடும் வகை. விளம்பரங்களில் வருவது எப்போதும் போல்ட் மூடிய படம், அதில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அடுத்து, ‘எந்த மில்-ஸ்பெக் கேரியரும் பொருந்துமா, ஆம் அல்லது இல்லை’ என்று எழுத்தில் கேளுங்கள். பதிலைச் சேமித்து வையுங்கள். பின்னால் அது பணமாகும்.

ஓடும் கைப்பிடியால் என்ன கெட்டுவிடும் என்பவர்களுக்கு: தடுப்புச் சுவரில் சாய்த்துச் சுடும்போது கைப்பிடி சுவரில் இடித்தால் கேரியர் பாதியில் நின்று அடுத்த தோட்டா சிக்கும். ஸ்லிங் வார், மழைக்கோட்டின் கை, ஹேண்ட்கார்டில் (பேரலைச் சுற்றிய முன்பிடி) பின்தள்ளிப் பிடிக்கும் கட்டைவிரல், எது அந்த வழியில் வந்தாலும் இதே கதைதான். கேரியரின் எடையும் கூடுகிறது. அந்தக் கூடுதல் எடை நடுஅச்சில் இல்லாமல் ஒருபக்கமாகத் தொங்குகிறது. வலுக்குறைந்த மலிவுத் தோட்டாக்களில் கேரியர் முழுதாகப் பின்னே போகாமல் திரும்பிவிடும். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டு, போல்ட் பின்னே பூட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் ஒவ்வொரு வகைத் தோட்டாவிலும் ஐந்தாறு முறை. பூட்டாவிட்டால் முதலில் பஃபரின் (கேரியருக்குப் பின்னால் ஸ்டாக் குழாய்க்குள் ஸ்பிரிங்கோடு ஓடும் கட்டை) எடையைப் பாருங்கள். கார்பைன் பஃபர் ஏறத்தாழ 3 அவுன்ஸ், எச் 3.8, எச்2 4.6. ஏற்கெனவே எச்2 போட்டு வைத்திருப்பவர்கள் கனத்த கேரியரையும் சேர்த்தால் துப்பாக்கி திணறும்.

இனி அந்தப் பெரிய குறை. ஏஆர்-15-இல் கேரியர் பின்னே போய் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது பஃபர். அதன் ரப்பர் முனை குழாயின் பின்சுவரில் முட்டி ஓட்டம் முடிய வேண்டும். பக்கவாட்டுக் காடி அதைவிடக் கொஞ்சமாவது நீளமாக இருந்தாக வேண்டும். இந்த அப்பரில் காடி குட்டை. பஃபர் முட்டும் முன்பே கைப்பிடித் தண்டு காடியின் பின்சுவரில் போய் மோதுகிறது. தண்டு எஃகு, சுவர் அலுமினியம். 7075-டி6 அலுமினியம் வலுவானதுதான், மேலே கடின அனோடைசிங்கும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலடி வாங்குவதற்கு அது செய்யப்படவில்லை. முதலில் கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளி தெரியும், பிறகு சுவர் நசுங்கிப் பிதுங்கி, அந்தப் பிதுக்கத்தில் கேரியர் உரசும். அதற்குள் தண்டின் திருகு தளர்ந்திருக்கும். அது முறிந்தால் பின்பக்க ‘டி’ கைப்பிடி இல்லாத இந்த அப்பரில், அறையில் தோட்டா இருக்கும்போது போல்ட்டைத் திறக்கப் பிடிமானம் கிடையாது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதென்றால்கூடத் தோட்டா உள்ளே இருக்கிற துப்பாக்கியோடுதான் போக வேண்டும்.

சோதிப்பது எளிது. மேகசினைக் கழற்றுங்கள், அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள், மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. அப்பரை லோயரில் மாட்டிக் கைப்பிடியை நிற்கும்வரை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். தண்டுக்கும் காடியின் பின்சுவருக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும். நுழையவே இல்லை என்றால் நிறுத்துவது பஃபர் அல்ல, கைப்பிடி. லேசாக நுழைந்தாலும் போதாது, சுடும் வேகத்தில் ரப்பர் முனை அமுங்கி இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும். 1/16 அங்குலத்துக்குக் குறைந்த இடைவெளியை ஏற்காதீர்கள். தண்டின் பின்புறத்தில் மார்க்கர் மை தடவி, கையால் பத்து முறை வேகமாக இழுத்தால் சுவரில் மை ஒட்டுகிறதா என்றும் பார்க்கலாம்.

உங்கள் பஃபர் குழாயும் இதில் சம்பந்தப்பட்டது. ரைஃபிள் நீளக் குழாயில் இடைத்துண்டு இல்லாமல் கார்பைன் பஃபரைப் போட்டிருந்தால் எந்த நல்ல அப்பரும் இப்படி மோதும். கடைக்காரர் மேல் பாயும் முன் அதைச் சரிபாருங்கள். இந்த அப்பர் சரியான கார்பைன் குழாய், கார்பைன் பஃபர் இரண்டோடும் மோதியது.

முன்முனைக்கும் இதே சோதனை உண்டு. போல்ட்டை மூடி, தண்டுக்கும் காடியின் முன்சுவருக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்றை விட்டு இழுங்கள். தடையின்றி வர வேண்டும். தண்டு அங்கே முட்டினால் கேரியர் கடைசி வரை முன்னே போகாது. அப்போது ஹேமரின் அடி கேரியரில் பட்டு வீணாகி, தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் லேசான குத்து மட்டும் விழும். தோட்டா கெட்டது என்று நினைத்துப் பெட்டி பெட்டியாக மாற்றுபவர்கள் உண்டு.

மற்றவை சின்னவை, ஆனால் எல்லாமே இதில் இருந்தன. கேஸ் கீயின் (வாயுவைக் கேரியருக்குள் விடும் குழல்) இரண்டு திருகுகளும் தளராதபடி சுற்றி உலோகத்தைக் கொத்தி அடித்திருக்க வேண்டும். இதில் வெறும் பசை தடவியிருக்கிறார்கள், சூட்டில் அது இளகும். கைப்பிடித் திருகும் அப்படியே. சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைக் கழற்றினால்தான் கேரியர் வெளியே வரும் என்பதால் நிரந்தரப் பசையும் போட முடியாது. ஆகவே வெறும் திருகை நம்பும் வடிவமைப்பைத் தவிர்த்து, ஸ்பிரிங் பின் வைத்ததைத் தேடுங்கள். ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்த தடித்த (பில்லட்) அப்பர்களில் மேல்ரெயிலின் உயரம் ஹேண்ட்கார்ட் ரெயிலோடு ஒத்துப்போகாமல் படி விழுவதுண்டு. ஸ்கோப் மவுண்ட் இரண்டின் மேலும் உட்கார்ந்தால் குறி தவறும். ஸ்கோப் மவுண்டின் பக்கத் திருகு கைப்பிடியின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இது பேரலோடு முழுதாக வந்த அப்பர் என்பதால் ஹெட்ஸ்பேஸும் (போல்ட் முகத்துக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி அளவு) பார்த்தாக வேண்டும். .223 தோட்டாவுக்கு 1.464 அங்குலக் ‘கோ’ கேஜில் போல்ட் மூட வேண்டும், 1.467 ‘நோ-கோ’வில் மூடக் கூடாது. போல்ட்டிலிருந்து காலிக்கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, கைவிரல் விசையில் மட்டும். வேறு கேரியர் பொருந்தாது என்றாலும் உள்ளிருக்கும் போல்ட் சாதாரணமானதே. பின்னால் அதை மாற்றினால் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

காடி திறந்தே கிடப்பதால் புழுதியும் மணலும் உள்ளே போகும் என்பது எந்த நல்ல பிராண்டிலும் தீராத குறை. அரிசோனா, நெவாடா போன்ற இடங்களில் தரையில் படுத்துச் சுடுபவர்கள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும். கண்ணெரிச்சல் மட்டும்தான் பிரச்சினை என்றால், வாயுவைத் தடுக்கும் விளிம்பு வைத்த ‘டி’ கைப்பிடி ஒன்று போதும். அப்பரையே மாற்ற வேண்டாம்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழி. கூட்டாட்சிச் சட்டப்படி ஏஆர்-15-இல் வரிசை எண் கொண்ட லோயர்தான் துப்பாக்கி. அப்பர் வெறும் உதிரிப்பாகம் என்பதால் நேராக வீட்டுக்கே வரும், இடையில் உரிமம் பெற்ற கடைக்காரர் யாரும் பார்ப்பதில்லை. (ரைஃபிள் லோயரில் 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் மாட்டினால் முன்கூட்டியே துப்பாக்கிகளை மேற்பார்வையிடும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃபில் பதிந்திருக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும்போது ‘வெறும் பாகம்தானே’ என்று பெட்டியில் வைத்துவிடாதீர்கள், இந்திய ஆயுதச் சட்டம் 1959 பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது.) நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மேலோ அவற்றின் பாகங்கள் மேலோ அதிகாரம் இல்லை. இப்படிப்பட்ட அப்பரை அந்த ஆணையம் திரும்பப் பெறச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

மிஞ்சுவது கிரெடிட் கார்டு. டெபிட் கார்டிலோ பணப்பரிமாற்றச் செயலியிலோ இந்த மாதிரிக் கடைகளுக்குப் பணம் அனுப்பாதீர்கள். வாங்கிய அன்றே விளம்பரப் பக்கத்தை முழுதாகப் படம்பிடித்து வையுங்கள். பொருள் வந்ததும் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். ‘கைப்பிடி அசையாது’ என்ற வரி, போல்ட் பின்னே நிற்கும்போது கைப்பிடியும் பின்னே நிற்கும் படம், கடைக்காரரின் எழுத்துப் பதில், இந்த மூன்றையும் சேர்த்துச் ‘சொன்னது ஒன்று, வந்தது வேறு’ என்று வங்கிக்கு எழுதுங்கள். தொழில்நுட்பக் குறைகளை நீட்டி எழுதினால் படிப்பவருக்குப் புரியாது, அசையாது என்று சொன்னது அசைகிறது என்பது எல்லோருக்கும் புரியும். அந்தத் தொகை முதலில் வந்த பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். கடை ‘மாற்றுப் பாகம் வருகிறது, வருகிறது’ என்று இழுத்தடிப்பது அந்த 60 நாளைத் தாண்டத்தான். இன்னொன்று, 15 டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு எழுத்தில் வாரண்டி தருகிறவர், வாங்கும் முன்பே அதைப் படிக்கத் தர வேண்டும் என்பது மேக்னசன்-மாஸ் சட்டத்தின் கீழுள்ள விதி. கேட்டும் தராதவரிடம் ‘ஆயுள் முழுக்க’ என்ற சொல்லுக்கு மதிப்பு எதுவும் இல்லை.

அந்த விளம்பரம் இன்றும் அதே மூன்று வாக்குறுதிகளோடு நிற்கிறது. படத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இப்போது வலப்பக்கத்திலிருந்து எடுத்த படம், அதில் கைப்பிடியே தெரிவதில்லை.