ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் திருச்செந்தூர் ரோட்டில் போங்கள்

திருநெல்வேலியை ஒட்டிய பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கருத்தரங்குக்கு வெளியூர், வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்தால் மறுநாள் ஊர் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. முன்பெல்லாம் வேனை நேரே குற்றாலத்துக்கு விடுவோம். ஒருமுறை சித்திரை வெயிலில் கூட்டிப்போய் வறண்ட பாறையைக் காட்டிவிட்டுத் திரும்பினோம். அப்போதே முடிவு செய்துவிட்டேன், சாரல் காலம் தவிர மற்ற நாளில் யார் வந்தாலும் திருச்செந்தூர் ரோடுதான்.

போன மாதம் பெர்லினிலிருந்து மொழியியல் ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். காலை ஏழரைக்கே கிளம்பினோம். முதலில் கிருஷ்ணாபுரம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் இதை முதலில் முடித்துவிட வேண்டும். வெங்கடாசலபதி கோயில் மண்டபத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பங்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. குறவன் இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார் அந்த அம்மா. கூட்டமே இல்லை. ஒரு மணி நேரம் எங்கள் இருவருக்கு மட்டும் அந்த மண்டபம்.

அப்புறம் செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டி, பழங்கால இடுகாடு இருக்கும் ஆதிச்சநல்லூர். இதற்காகத்தான் இந்த விமர்சனமே எழுதுகிறேன்.

தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் செம்மண் பரம்பு, அதாவது மேட்டுநிலம். வெளியிலிருந்து பார்த்தால் முள்ளுக்காடும் சரளைக்கல்லும்தான். அகழ்ந்த இடத்துக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டு 2023-இல் திறந்தார்கள். அதன்மேல் நடக்கும்போது காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள், செத்தவர்களை வைத்த பெரிய மண்பானைகள், புதைத்த இடத்திலேயே, மண்ணோடு மண்ணாக. சில முழுசாக, சில மண்ணின் பாரத்தில் நசுங்கி, வாய் பிளந்து. கண்ணாடியில் கால் வைக்க நான் தயங்கியதைப் பார்த்து அங்கிருந்த பெரியவர், "பயப்படாம நில்லுங்கம்மா, ஒண்ணும் ஆகாதுல்லா" என்றார்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களைப் பார்த்திருக்கிறேன். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டி எடுத்தவை: பொன் நெற்றிப்பட்டம், இரும்பு ஆயுதங்கள், எருமை உருவம் வைத்த வெண்கல மூடிகள். அழகுதான், ஆனால் அவை பெட்டிக்குள் இருக்கின்றன. இங்கே அப்படி இல்லை. தாழிக்கும் தாழிக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு ஆழம், எந்த மாதிரி மண், எல்லாம் கண் முன்னால் கிடக்கிறது. ஒரு ஊரே தன் செத்தவர்களை இங்கே கொண்டுவந்து வைத்தது என்பது அங்கே நின்றால்தான் உறைக்கிறது.

ரீக்கும் முன்னால், 1876-இல், பெர்லினிலிருந்து வந்த யாகோர்தான் இங்கே முதலில் தோண்டியவர். கிடைத்தவற்றைத் தன் ஊருக்கே கொண்டுபோனார். அதைச் சொன்னதும் விருந்தாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் ஊரில் இருப்பதை நான் இதுவரை போய்ப் பார்த்ததில்லை, திரும்பியதும் பார்ப்பேன்" என்றார். இந்த ஒரு பேச்சுக்காகவே அந்தப் பயணம் எனக்குத் தகும்.

குறையும் சொல்ல வேண்டும். பரம்பில் நிழல் கிடையாது. குடை, தொப்பி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். நாங்கள் புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரை மரத்தடியில் சாப்பிட்டோம். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் வயதானவர்கள் கூட இருந்தால் கார் நல்லது. விஷயம் தெரிந்த ஒருவர் உடன் வருவதும் அவசியம், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள்.

சாயங்காலம் டவுனுக்கு வந்து நெல்லையப்பர் கோயில். மணி மண்டபத்தில் பெரிய தூணைச் சுற்றி ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் பேசும். வருகிறவர் எல்லாம் தட்டித் தட்டித் தேய்ந்த கல் அது, அதனால் நாங்கள் தொடவில்லை. என் விருந்தாளிகளையும் தொட விடுவதில்லை. நடராஜரின் ஆடல் சபையான தாமிர சபையை நிதானமாகப் பார்த்துவிட்டு, 1647-இல் கட்டிய சங்கிலி மண்டபம் வழியாகக் காந்திமதி அம்மன் சந்நிதிக்கு நடந்தோம். வெளியே வந்ததும் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசை. கால் கிலோ வாங்கி, சூடாக வாழையிலைத் துண்டில் அங்கேயே நின்று சாப்பிட்டோம். கையில் நெய் வழிய, "நாளைக்கு ரயில் எத்தனை மணிக்கு? காலையில் இன்னொரு தடவை ஆதிச்சநல்லூர் போய்வர முடியுமா?" என்று கேட்டார். ரயில் மதியம்தான். போய்வந்தோம்.