மூன்று சொதப்பல் சீக்வல்கள்: முதல் தடவை பார்ப்பவர் எதில் கை வைக்கலாம்?

ரிச்சர்ட் டானரின் 1978 ‘சூப்பர்மேன்’ படத்தையும் அதன் இரண்டாம் பாகத்தையும் ரசித்தவர்கள், அடுத்த பாகத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்குவார்கள். டிம் பர்ட்டனின் பேட்மேன் படங்களில் ஊறிப்போனவர்களுக்கும் அதே தயக்கம்தான். போகாதே என்று எல்லோரும் தடுக்கும் படங்களில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ‘சூப்பர்மேன் 3’ (1983), ‘சூப்பர்மேன் 4’ (1987), ‘பேட்மேன் அண்ட் ராபின்’ (1997). மூன்றுமே சொதப்பல்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி சொதப்பவில்லை. நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: அத்தனை குளறுபடிக்கு நடுவிலும் நமக்குப் பிடித்த அந்த நாயகன் படத்துக்குள் இருக்கிறானா? கதையைத் திறந்து பேசப்போகிறேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

‘சூப்பர்மேன் 3’ தொடங்கியதுமே நீங்கள் குழம்புவீர்கள். தெருவில் ஒருவர் தடுமாற, அதனால் இன்னொருவர் விழ, அவர் மேல் வேறொன்று கவிழ என்று டைட்டில் ஓடும் நேரம் முழுக்க மௌனப் படக் காலத்து நகைச்சுவை. இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டருக்கு அது கைவந்த கலை, ஆனால் டானர் கட்டிய உலகத்தில் அது ஒட்டவில்லை. அப்புறம் ரிச்சர்ட் பிரையர். அன்றைக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய நகைச்சுவை நடிகர்களில் ஒருவர், அவரைக் கூட்டிவந்துவிட்டு படத்தில் பாதியை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் பனிச்சறுக்குக் கட்டைகளோடு வானளாவிய கட்டடத்திலிருந்து விழுந்து, ஒன்றுமே ஆகாமல் தெருவில் நடந்து போகிறார். பறக்கத் தெரிந்தவன்தான் கதாநாயகன் என்னும் படத்தில் சாதாரண மனிதனும் விழுந்து பிழைப்பான் என்றால், சூப்பர்மேன் எதற்கு?

ஆனால் இதே படத்தில் அந்தப் பழைய இரும்புக் கடைக் காட்சி இருக்கிறது. பிரையரின் பாத்திரம் சூப்பர்மேனின் உயிருக்கே ஆபத்தான கிரிப்டோனைட் கல்லைச் செயற்கையாகச் செய்யப் பார்க்கிறது, அதில் சேரவேண்டிய ஒரு பொருள் என்னவென்று தெரியவில்லை, சிகரெட் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ‘தார்’ என்று போட்டுவிடுகிறான். அந்தக் கலப்படக் கல் சூப்பர்மேனைக் கொல்லவில்லை, குணத்தைக் கெடுக்கிறது. முகத்தில் தாடி முளைக்கிறது, உடையின் நிறம் மங்கி அழுக்கேறுகிறது, மதுக்கடையில் உட்கார்ந்து கடலையை விரலால் சுண்டிப் பாட்டில்களை உடைக்கிறான். ஒரு சிறுவன் தெருவிலிருந்து அவனைக் கூப்பிட்டு நீ மறுபடி சரியாகிவிடுவாய் என்று கத்துகிறான், அதைத் தாங்க முடியாமல் பறந்துபோய் உடைந்த கார்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் இறங்கி அலறும்போது உடலிலிருந்து கண்ணாடி போட்ட கிளார்க் கென்ட், அதாவது சாதாரண மனிதனாக அவன் வாழும் வடிவம், தனியே பிரிந்து வருகிறான். இருவரும் மோதுகிறார்கள். கிறிஸ்டோஃபர் ரீவ் இரண்டு பேராகவும் நடித்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள், முகத்தைவிடத் தோளைப் பாருங்கள்: ஒருவன் திமிராக நெஞ்சை நிமிர்த்தி அடிக்கிறான், மற்றவன் கூனிக்குறுகி அடி வாங்கினாலும் பின்வாங்குவதில்லை. கடைசியில் ஜெயிப்பது கிளார்க், சட்டையைத் திறந்தால் உள்ளே பளிச்சென்று சுத்தமான அந்த ‘எஸ்’. பிற்பாடு வந்த சூப்பர் ஹீரோ படங்கள் பல கோடிகளைக் கொட்டிச் சொல்ல முயன்ற ‘நாயகனுக்குள் இருக்கும் எதிரி’யை இந்தச் சில நிமிடங்கள் எவ்வளவோ நேரடியாகச் சொல்லிவிடுகின்றன. கிளார்க் வளர்ந்த ஊரான ஸ்மால்வில்லில் அவனுடைய பழைய தோழி லானாவாக வரும் அனெட் ஓடூலோடு ரீவ் நடித்த காட்சிகளும் நல்ல இதம்.

‘சூப்பர்மேன் 4’ வேறு விதமான வருத்தம். கதையை உருவாக்கியதில் ரீவுக்கும் பங்கு உண்டு. அணு ஆயுதப் போட்டி உச்சத்தில் இருந்த காலம். ஒரு சிறுவன் கடிதம் எழுதுகிறான், சூப்பர்மேன் ஐ.நா. சபையில் போய் எல்லா அணு ஆயுதங்களையும் ஒழிப்பேன் என்று அறிவிக்கிறான். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. தயாரித்த கேனன் நிறுவனமோ பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. சுமார் 3.6 கோடி டாலர் என்று பேசிய பட்ஜெட் 1.7 கோடிக்குச் சுருங்கியது, முதல் படத்துக்கே ஏறக்குறைய 5.5 கோடி செலவானதை நினைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் ஐ.நா. தலைமையகமாக இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரத்தைக் காட்டினார்கள். எடுத்ததில் முக்கால் மணி நேரத்தை வெட்டி 90 நிமிடமாக வெளியிட்டதால் பாத்திரங்கள் எங்கிருந்து வருகின்றன, ஏன் போகின்றன என்றே பல இடங்களில் புரியாது.

பார்க்கும்போது இது எல்லாமே கண்ணை உறுத்தும். சூப்பர்மேன் நம்மை நோக்கிப் பறந்துவரும் ஒரே ஷாட் திரும்பத் திரும்ப வருகிறது. நிலாவில் நடக்கும் சண்டையில் பின்னால் தொங்கும் கறுப்புத் துணியின் மடிப்பு தெரிகிறது. இடிந்த சீனப் பெருஞ்சுவரை வெறும் பார்வையாலேயே கட்டுகிறான், அந்தச் சக்தி எப்போது வந்தது? விண்வெளியில் ஒரு பெண் மூச்சுக் கருவி எதுவும் இல்லாமல் உயிரோடு இருக்கிறாள்.

இவ்வளவுக்கும் நடுவே ரீவ் ஒரு காட்சியில்கூட அலட்சியமாக நடிக்கவில்லை. உடம்பு முடியாமல் வீட்டில் கிடக்கும் கிளார்க்கிடம் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் வந்து, சூப்பர்மேனைப் பார்த்தால் என்ன சொல்வேன் என்று சொல்லும் காட்சி ஒன்று இருக்கிறது. தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா என்று லோயிஸாக நடித்த மார்கோ கிட்டர் கடைசிவரை பிடிகொடுப்பதில்லை. அதற்குச் செலவே கிடையாது, இரண்டு நடிகர்கள் போதும். இந்தப் படம் முழுக்க அப்படி எடுத்திருக்கக்கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

‘பேட்மேன் அண்ட் ராபின்’ பணத்துக்குப் பஞ்சமே இல்லாத படம். அர்னால்ட், உமா தர்மன், ஜார்ஜ் க்ளூனி, செட் என்றால் அப்படியொரு செட். ஆனால் எதைப் பார்த்தாலும் பொம்மைக் கடைக்காகச் செய்ததுபோல இருக்கிறது: பூட்ஸை அழுத்தினால் பனிச்சறுக்குத் தகடு முளைக்கிறது, ஏலத்தில் பேட்மேன் தன் பெயரில் கிரெடிட் கார்டை எடுத்து நீட்டுகிறார். அர்னால்ட் நடித்த வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் வாயைத் திறந்தால் பனி, குளிர் என்று ஒரு சிலேடை. நோயில் கிடக்கும் மனைவியைக் காப்பாற்றத் துடிக்கும் ஒருவனை இப்படிக் கோமாளியாக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது புரூஸ் (முகமூடி இல்லாத பேட்மேன்) பக்கத்தில் உட்கார்ந்து பேசும் இடம் மட்டும் நிஜம். 1989 முதல் நான்கு படங்களிலும் ஆல்ஃப்ரெடாக வந்த மைக்கேல் காஃபின் முகத்துக்காகவே அது நிற்கிறது.

அதனால் என் வரிசை இது. முதலில் ‘சூப்பர்மேன் 3’, நகைச்சுவையைப் பொறுத்துக்கொண்டு அந்த இரும்புக் கடை வரை போய்விடுங்கள். ரீவைப் பிடித்துப்போய்விட்டால் ‘சூப்பர்மேன் 4’, பிடிக்காவிட்டால் தாராளமாக விட்டுவிடலாம். 2006-இல் வந்த ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ இந்த இரண்டையும் கண்டுகொள்ளாமல் பழைய கதையைத் தொடர்வதால் எதுவும் விட்டுப்போகாது. பேட்மேன் ரசிகர்கள் மூன்றாவதைப் பார்க்கும் முன், 1992-இல் வந்த அனிமேஷன் தொடரில் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற அத்தியாயத்தைப் பாருங்கள். ஃப்ரீஸின் மனைவி கதை அங்கிருந்துதான் வந்தது. அரை மணி நேரம்கூட ஆகாது, அதற்குப் பிறகும் அர்னால்டைப் பார்க்கத் தோன்றினால் பாருங்கள்.