டொயோட்டா ஜிஆர் சுப்ரா: எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுப்பது சரியா?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று வாயைத் திறந்தாலே, கார் பிரியர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. கிளட்சை மிதிக்கத் தெரியாதவர், சொகுசு தேடுகிறவர், காரைப் பெருமைக்காக வைத்திருப்பவர் என்று ஆளுக்கொரு முத்திரை குத்துவார்கள். இந்த முத்திரைகளை ஒதுக்கிவிட்டு, ஒரே காரில் இரண்டு வகை கியர் பெட்டிகளையும் வைத்துப் பார்ப்பதே நேர்மையான வழி. அதற்கு டொயோட்டா ஜிஆர் சுப்ராவைவிடத் தோதான கார் அதிகம் இல்லை. 2019இல் விற்பனைக்கு வந்தபோது அதில் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மட்டுமே இருந்தது. மேனுவல் இல்லாத சுப்ராவா என்று எழுந்த முணுமுணுப்புக்குப் பதிலாக, 2022இல் மூன்று லிட்டர் எஞ்சினுடன் ஆறு கியர் மேனுவலும் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பியச் சந்தைக்கான வடிவில் இரண்டுக்கும் அதே 340 குதிரைத்திறன், அதே 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. இரண்டையும் ஓட்டிப் பார்த்த பின், இந்தக் காருக்கு ஆட்டோமேட்டிக்தான் பொருத்தம் என்பது என் முடிவு. ஆனால் அதற்குப் பலரும் சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

பலரும் சொல்வது வேகத்தை. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆட்டோமேட்டிக் 4.3 விநாடியும் மேனுவல் 4.6 விநாடியும் எடுத்துக்கொள்வதாக நிறுவனம் சொல்கிறது. இந்த 0.3 விநாடி விளம்பரத் தாளில் பெரிதாகத் தெரியலாம். சாலையில் அதை உணரக்கூடியவர் எவரும் இல்லை. பந்தயத் தளத்துக்குக் காரைக் கொண்டுபோய் நேரம் குறித்துக்கொள்ளும் சிலருக்கு மட்டுமே அது பொருட்டு. மற்றவர்கள் இந்த எண்ணை வைத்து முடிவெடுப்பது வீண்.

முடிவெடுக்க வேண்டிய இடம் எஞ்சின். இந்த மூன்று லிட்டர் சுப்ராவில் இருப்பது பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். அதன் 500 நியூட்டன் மீட்டர் விசை 1,600 ஆர்பிஎம்மிலேயே (அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 முறை சுழலும்போதே) முழுமையாக வந்துவிடுகிறது. 4,500 ஆர்பிஎம் வரை குறையாமல் அப்படியே நிற்கிறது. இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். பழைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஓட்டுநரின் திறமை எங்கே இருந்தது என்றால், எஞ்சினின் வலு ஒரு குறுகிய சுழற்சி எல்லைக்குள் மட்டும் கிடைத்ததால், அந்த எல்லையை விட்டு எஞ்சின் இறங்காதபடி சரியான கியரை, சரியான நேரத்தில், வளைவுக்கு முன்பே போட்டுவிடுவதில்தான் இருந்தது. தவறான கியரில் வளைவை விட்டு வெளியே வந்தால் கார் முனகிக்கொண்டே நகரும். சரியான கியரில் வந்தால் பாய்ந்து செல்லும். சுப்ராவில் அந்த வேறுபாடு ஏறக்குறைய அழிந்துவிட்டது. மூன்றாவது கியரில் வர வேண்டிய வளைவை நான்காவதில் கடந்தாலும் கார் கோபித்துக்கொள்வதில்லை, இழுத்துக்கொண்டு போகிறது. கியர் தேர்வில் பிழை செய்தாலும் தண்டனை இல்லை, சரியாகச் செய்தாலும் பரிசு இல்லை என்றால், கியர் கம்பியை அசைத்துக்கொண்டிருப்பதில் மிஞ்சுவது பழக்கத்தின் இன்பம் மட்டுமே. அதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. இடது காலும் வலது கையும் ஒத்திசைந்து வேலை செய்வதில் ஒரு நிறைவு உண்டு. ஆயினும் காரின் இயல்போடு அது பிணைந்திருக்கவில்லை.

இறக்கச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக்கில் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் இருக்க, வலது கால் பிரேக்கை அழுத்தத் தொடங்கும்போதே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்துக் கியர் மாற்றும் பேடில்களில் இடது பேடிலை இரண்டு முறை இழுக்கிறோம். ஒவ்வொரு இழுப்புக்கும் எஞ்சின் தானாகவே சுழற்சியைக் கொஞ்சம் உயர்த்தி, இறங்கும் கியரின் வேகத்தோடு பொருந்திக்கொள்கிறது. பின் சக்கரங்களில் ஒரு உதறலும் இல்லை. கவனம் முழுவதும் பிரேக்கை எவ்வளவு மெதுவாக விடுவது, முன் சக்கரங்கள் எவ்வளவு பிடியோடு இருக்கின்றன என்பதிலேயே நிலைக்கிறது. அதே வளைவில் மேனுவலில், பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்தியபடி குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, கிளட்சை மிதித்து, கியரை இறக்க வேண்டும். அல்லது வேண்டியதில்லை: சுப்ராவின் மேனுவலில் கியர் இறங்கும்போது சுழற்சியைப் பொருத்தும் வேலையைக் கணினியே செய்துவிடுகிறது. அந்த வசதியை நிறுத்தி வைக்கலாம் என்பது உண்மை. நிறுத்தாமல் ஓட்டினால், மேனுவலின் மிகக் கடினமான பகுதியை ஏற்கெனவே எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, எளிதான பகுதியை மட்டும் நம் கையில் வைத்திருக்கிறோம். ஆட்டோமேட்டிக்கைக் கேலி செய்பவர்கள் இந்த இடத்தில் சற்று அடக்கி வாசிப்பது நல்லது.

ஆட்டோமேட்டிக் என்றதும் பலர் மனத்தில் எழுவது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் முதலிலும் வேகம் பிறகும் வரும் அந்தக் காலத்து நான்கு கியர் பெட்டி. சுப்ராவில் உள்ளது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் வடிவமைத்து, 2009 முதல் பல நிறுவனக் கார்களில் இடம்பெற்றுவரும் எட்டு கியர் பெட்டி. நான்கு கோள் பற்சக்கரத் தொகுதிகளும், அவற்றைப் பிடித்தும் விட்டும் கியர்களை உருவாக்கும் ஐந்தே பிடிப்பான்களும்தான் அதன் உள்ளே இருக்கின்றன. எந்தக் கியரிலும் இந்த ஐந்தில் இரண்டு மட்டுமே திறந்திருப்பதால் உராய்வில் வீணாகும் வலு குறைவு. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இதிலும் உண்டு. ஆனால் கார் நகரத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே உள்ளிருக்கும் பூட்டு கிளட்ச் பிடித்துக்கொள்வதால், அந்தப் பழைய வழுக்கல் உணர்வு நமக்குத் தெரிவதற்குள் முடிந்துவிடுகிறது. வாகன நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் அதே எண்ணெய் இணைப்பு மென்மையைத் தருகிறது. இரண்டுமே வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

பேடில் கொண்ட கியர் பெட்டிகள் எல்லாம் ஒரே சாதி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1989இல் பிரேசில் கிராண்ட் பிரீயில் ஃபெராரி 640 காரில் நைஜல் மான்செல் வென்றபோது, ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து கியர் மாற்றும் முறை ஃபார்முலா ஒன்னில் தன் முதல் பந்தயத்திலேயே வெற்றி கண்டது. 1997இல் ஃபெராரி எஃப்355 வழியாக அது சாலைக்கு வந்தது. அப்போது வந்தவை பெரும்பாலும் ஒற்றை கிளட்ச் கொண்ட மேனுவல் பெட்டியை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கியவை. பந்தய வேகத்தில் சிறப்பாகவும் தெருவில் மெதுவாகப் போகும்போது தலையை ஆட்டி வைக்கும் உதறலோடும் இருந்தன. பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த வகையை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் அறிமுகமான இரட்டை கிளட்ச் முறையில், ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்றும் இருப்பதால், அடுத்த கியர் முன்பே தயாராகக் காத்திருக்கும். மாற்றம் இமைக்கும் நேரத்தில் முடியும். போர்ஷே இன்றும் அந்த வழியில்தான் இருக்கிறது. மேட்டில் பின்பக்கமாக ஊர்ந்து காரை நிறுத்தும் வேலையில் மட்டும் டார்க் கன்வர்ட்டரின் நளினம் இரட்டை கிளட்சுக்கு வராது.

குறைகளுக்கு வருவோம். சாதாரண முறையில், கியரைப் பெட்டியே மாற்றிக்கொள்ளும் டி நிலையில் விட்டு ஓட்டினால், இந்தப் பெட்டி எரிபொருள் சிக்கனத்தையே குறியாகக் கொண்டு அவசர அவசரமாக மேல் கியர்களுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த நிலையில் முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால், எந்தக் கியருக்கு இறங்குவது என்று அது தீர்மானிக்கும் ஒரு கணம் நமக்குத் தெரிகிறது. ஸ்போர்ட் முறைக்கு மாற்றினால் அல்லது முந்துவதற்கு முன்பே பேடிலால் இறக்கி வைத்தால் இது மறைந்துவிடும். அதாவது, தானியங்கி என்று பெயர் இருந்தாலும் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. ஸ்போர்ட்ஸ் காரில் ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர் பேடிலைப் பழகிக்கொள்ளாவிட்டால் பாதிக் காரைத்தான் வாங்கியிருக்கிறார். இரண்டாவது குறை, பேடில்கள் ஸ்டியரிங் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது. கைகளை மாற்றிப் பிடிக்க வேண்டிய அளவுக்குக் குறுகலான திருப்பத்தின் நடுவே எந்தப் பேடில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல்கள் தேடும். ஃபெராரியில் அவை ஸ்டியரிங் தண்டிலேயே அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். எனக்கு அந்த ஏற்பாடே பிடிக்கும். எடையிலும் மேனுவல் பெட்டி இலகுவானது என்பதை மறுப்பதற்கில்லை.

மேனுவலுக்காக டொயோட்டா எடுத்துக்கொண்ட அக்கறையையும் பாராட்ட வேண்டும். பின் அச்சின் இறுதிப் பற்சக்கர விகிதத்தை 3.15இலிருந்து 3.46ஆக மாற்றி, எஞ்சின் துடிப்பாகப் பதில் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். கடமைக்குச் சேர்த்த மேனுவல் அல்ல அது. என் ஆட்சேபம் அந்தப் பெட்டியின் மீது அல்ல, அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எஞ்சினின் குணத்தின் மீது மட்டுமே.

எஞ்சின் மாறினால் என் பரிந்துரையும் மாறும். அதே நிறுவனத்தின் ஜிஆர்86 காரில் டர்போ இல்லாத 2.4 லிட்டர் எஞ்சின். அதன் உச்ச முறுக்கு விசை 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700 ஆர்பிஎம்மில். முழு வலு வருவதோ 7,000 ஆர்பிஎம்மில். அங்கே கியரை நாமே தேர்ந்தெடுத்து எஞ்சினைக் கொதிநிலையில் வைத்திருப்பதில்தான் காரின் உயிர் இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்கு நிறுவனம் கொடுத்த கணக்கிலும் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட மேனுவலுக்கு 6.1 விநாடி, ஆறு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு 6.6 விநாடி. ஆட்டோமேட்டிக்தான் எப்போதும் வேகமானது என்று பொத்தாம் பொதுவாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போர்ஷே 911 ஜிடி3இல் நிலைமை நேர் எதிர்: 992 தலைமுறையில் இரட்டை கிளட்ச் 3.4 விநாடியில் 100 கிலோமீட்டரைத் தொடும், மேனுவல் 3.9 விநாடி எடுக்கும். 2013இல் இந்தக் காரை மேனுவலே இல்லாமல் விற்ற போர்ஷே, 2017இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 9,000 ஆர்பிஎம் வரை ஏறும் எஞ்சினுக்காக அரை விநாடியை விட்டுக்கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. மேனுவலில் கிளட்ச் தட்டு தேயும் பொருள். அதைத் தேய்ப்பதும் காப்பதும் ஓட்டுநரின் இடது கால். எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய்தான் எல்லாம். அதை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. பெட்டியைச் செய்த இசட்எஃப்போ, 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றும்படி சொல்கிறது. பழைய கார் வாங்குகிறவர் இதற்கான ரசீதைக் கேட்டு வாங்குவது அவசியம். வடிகட்டி அடிப்பக்க எண்ணெய்த் தொட்டியோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால் தொட்டியையே மாற்ற வேண்டும். எண்ணெயின் அளவையும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்தே சரிபார்க்க வேண்டும். இதெல்லாம் தெரியாத பட்டறையில் காரை விடக் கூடாது.

சோதனை ஓட்டத்துக்குப் போகிறவர்கள் நேர்ச்சாலையில் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. டி நிலையில் சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரை அழுத்தி, அந்த ஒரு கணத் தயக்கம் உங்களுக்குப் பொறுக்குமா என்று பாருங்கள். பிறகு பேடில்களுக்கு மாறி, வளைவுகள் நிறைந்த சாலையில் கியரை நீங்களே ஏற்றி இறக்குங்கள். விற்பனையாளர் சம்மதித்தால் அதே சாலையில் உடனே மேனுவலையும் கேட்டு வாங்கி ஓட்டுங்கள். அதிலும், மூன்றாவது கியரைப் போட்டுவிட்டு எத்தனை வளைவுகள் வரை கம்பியைத் தொடாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.